மின்னூல் வாசிப்பு மென்பொருளை ஆராயுமாறு

நூல்கள் பனையோலையில் எழுதப்பட்டு வாழ்ந்த காலம் ஒன்று. தாளில் அச்சாகி வாழ்ந்த காலம் மற்றொன்று. மின்திரையிலும் தோன்றி வாழுங் காலம் இது. ஓலையினின்றும் தாளுக்கு நூல்கள் மாறிய காலத்தில் யாழ்ப்பாணத்து அறிஞர் ஆற்றிய பணியைத் தமிழுலகம் நன்கறியும். நல்லூர் ஆறுமுக நாவலர் ஏடுகளை ஒப்புநோக்கிப் பிழை களைந்து, கற்போர்க்கு எளிதாகுமாறு குறியீடுகள் இட்டு நூல்களை அச்சேற்றினார். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1881 இல் வீரசோழியத்தையும், 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887 இல் கலித்தொகையையும் வெளியிட்டார். இவர்கள் கருத்தில் இரண்டு நோக்கங்கள் நின்றன. மூலத்தின் எழுத்துச் சிதையலாகாது என்பது ஒன்று. கற்பவன் தான் வேண்டிய பொருளை இடர்ப்பாடின்றிப் பெறல் வேண்டும் என்பது மற்றொன்று.

தாளினின்றும் திரைக்கு நூல்கள் மாறும் இக்காலத்தும் அவ்விரு நோக்கங்களும் மாறாமல் வேண்டப்படுகின்றன. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அச்சு நூலில் ஆசிரியனுக்கும் வாசகனுக்கும் இடையே தாளன்றி வேறெதுவும் இல்லை. மின்னூலிலோ, அதனைத் திறந்து காட்டும் மென்பொருள் என்னும் ஒரு கருவி இடையே நிற்கின்றது. ஒரே மின்னூல் ஒரு மென்பொருளிற் செவ்விதாகவும் மற்றொன்றிற் சிதைந்தும் தோன்றுதல் கூடும். ஆதலின், ஏட்டை ஆராய்ந்து பதிப்பித்த மரபினராகிய நாம், ஏட்டைக் காட்டுங் கருவியையும் ஆராய்ந்தே கொள்ளல் வேண்டும். மேசைக் கணினிக்கு உரிய மின்னூல் வாசிப்பு மென்பொருள்களை எவ்வாறு மதிப்பிடலாம் என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சி நமக்கு ஏன் வேண்டும்

1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூனிலையம் தீக்கிரையானபொழுது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. ஓரிடத்தில் மாத்திரம் வைத்துப் பேணப்படும் ஏடு எத்துணை எளிதில் மறைந்துவிடும் என்பதை அந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்திற்று. 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பண்டை இலக்கியங்களை மின்னூலாக்கி இலவசமாக வழங்குகின்றது. 2005 இல் தோன்றிய நூலகம் என்னும் நிறுவனம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் படமாக்கிச் சேர்த்துவைத்துள்ளது. இவற்றால், ஒரு காலத்திற் கொழும்புக்கோ சென்னைக்கோ சென்று தேடவேண்டியிருந்த பல நூல்களை இன்று மாணாக்கன் தன் மேசையிலிருந்தே பெறலாம்.

நூல்கள் வந்துசேர்ந்தன, அவற்றைப் படிக்குங் கருவியைப் பற்றி எவரும் அதிகம் சிந்திப்பதில்லை. கணினியோடு வந்ததையோ, நண்பர் ஒருவர் சொன்னதையோ, கண்ணுக்கு அழகாய்த் தோன்றியதையோ ஏற்றுக்கொள்கின்றோம். ஆங்கில நூலுக்கு அதனாற் பெருந் தீங்கில்லை. பெரும்பாலான கருவிகள் ஆங்கிலத்தை மனத்திற் கொண்டே ஆக்கப்பட்டன. தமிழ் நூலுக்கோ குறைபாடு உடனே புலப்படும். அன்றியும், கைத்தொலைபேசியிற் கதை படிப்பார்க்கு இவ்வாராய்ச்சி அத்துணை வேண்டுவதன்று. மூலத்தையும் உரையையும் அருகருகே வைத்து ஒப்பிடுவோரும், பரீட்சைக்குக் குறிப்பெடுப்போரும், பலர் கூடிப் பாவிக்கும் நூனிலையக் கணினியைப் பராமரிப்போரும் இதனைச் செய்தே ஆகவேண்டும்.

மின்னூலின் மூவகை

கருவியை ஆராயுமுன் அதனிடத்து ஒப்படைக்கும் பொருளை அறிதல் வேண்டும். மின்னூல் என்று பொதுவாகச் சொல்லப்படுவது உண்மையில் மூவகைப்படும்.

முதலாவது, படநூல். பழைய நூலின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படம் பிடித்துக் கோத்தது. பழைய அச்சின் தோற்றம், 1978 இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்தற்கு முன்பிருந்த லை, ணை, னா, றா முதலிய எழுத்துக்களின் பழைய வடிவம், ஓரத்தில் எவரோ எழுதிய குறிப்பு ஆகிய யாவும் அவ்வாறே இதிற் காணப்படும். ஆனாற் கணினிக்கு இது வெறும் படம். அதில் எழுத்து உண்டென்பதை அது அறியாது.

இரண்டாவது, பக்கம் மாறாத எழுத்துநூல். பி.டி.எவ். என்னும் வடிவில் வருவன பெரும்பாலும் இவ்வகையின. அடோபி நிறுவனம் 1993 இல் வெளியிட்ட இவ்வடிவம் 2008 இல் அனைத்துலக நியமமாயிற்று. அச்சுத்தாளிற்போல ஒவ்வொரு வரியும் தன்னிடத்திலேயே நிற்கும். மேற்கோளுக்குப் பக்க எண் காட்டலாம். படநூல்களும் பெரும்பாலும் இதே உறையிலேயே வருதலின், வெளித்தோற்றங் கொண்டு இரண்டையும் பிரித்தறிதல் அரிது.

மூன்றாவது, ஒழுகும் எழுத்துநூல். ஈபப் என்பது இதற்கு உரிய பொது வடிவம். 2007 இல் நியமமாக ஏற்கப்பட்ட இது, இணையப் பக்கங்களை எழுதும் முறையிலேயே எழுதப்பட்டு ஒரு கட்டாகக் கட்டப்பட்டது. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமே ஒழுங்காகி ஒழுகும். பார்வை குன்றிய முதியோர்க்கு இதனினும் உகந்த வடிவம் இல்லை.

இவற்றை வேறுபடுத்தி அறிதற்கு எளிய வழியொன்றுண்டு. நூலில் ஒரு வரியைச் சுட்டியாற் பற்றிப் பிரதி செய்து, கணினியிலுள்ள சாதாரண எழுதுபலகையில் ஒட்டுக. ஒன்றுமே பற்றப்படாதாயின் அது படநூல். நல்ல தமிழ் வருமாயின் அது ஒருங்குறியில் அமைந்த செவ்விய நூல். தமிழ் வந்தும் கொம்பும் காலும் இடம்மாறிக் கிடப்பின், எழுத்தடுக்குக் குலைந்த நூல். உரோம எழுத்துக்கள் பொருளின்றி வரிசையாய் வருமாயின், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அமைந்த நூல் என்க. ஈழநாட்டிற் பல்லாண்டு காலம் பாமினியே பெருவழக்காயிருந்தமையின், நம்மவர் ஆக்கிய மின்னூல்களில் இக்கடைசி வகை மிகப் பல.

முதற் சோதனை: எழுத்து

ஒருங்குறியின் முதற் பதிப்பு 1991 இல் வெளிவந்தபொழுதே தமிழுக்கு அதில் இடம் தரப்பட்டது. அம்முறையில், திரையில் முன்னே தோன்றும் ஒற்றைக்கொம்பு, கோப்பினுள் மெய்யெழுத்துக்குப் பின்னேயே சேமிக்கப்படும். ‘கெ’ என்பதில் ககரம் முன்னும் கொம்பு பின்னுமாகக் கிடக்கும். அதனை முன்னே கொணர்ந்து காட்டுவது மென்பொருளின் கடமை. இக்கடமையில் வழுவும் மென்பொருளில் கொம்பு தனித்து நிற்கும். அன்றேற் புள்ளிவட்டம் ஒன்று இடையே தோன்றும். ஆதலால் கெ, கே, கை, கொ, கோ, கௌ என்னும் வரிசையும், க்ஷ, ஸ்ரீ என்னும் கூட்டெழுத்துக்களும், ௧, ௰ என்னும் தமிழெண்களும் உள்ள ஒரு பக்கத்தை முதலில் திறந்து நோக்குக.

அடுத்து, எழுத்தைப் படிப்படியாகப் பெரிதாக்கி வரிகளின் ஓரத்தை நோக்குக. ஒரு வரியின் முடிவிலே மெய்யும், அடுத்த வரியின் தொடக்கத்திலே அதற்குரிய உயிர்க்குறியும் பிரிந்து நிற்குமாயின் அம்மென்பொருளைத் தள்ளிவிடலாம். தமிழிற் புணர்ந்த சொற்கள் நீண்டு வருதலின், இருபுறமும் ஓரம் நேராக்கிக் காட்டும்பொழுது சொற்களுக்கிடையே பெரும் பள்ளங்கள் விழும். இடப்புறத்தை மாத்திரம் நேராக்கும் வசதி நல்ல மென்பொருளில் இருத்தல் வேண்டும்.

எழுத்துருவை மாற்றும் வசதி பெரிதும் பாராட்டப்படுகின்றது. அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. விண்டோசுக் கணினியில் லதா, நிர்மலா என்பனவும், எக்கணினியிலும் இலவசமாக இடக்கூடிய நோட்டோ எழுத்துருவும் ஒருங்குறித் தமிழைச் செவ்வனே காட்டும். ஆனால் பாமினியில் அமைந்த ஈபப் நூலொன்றில் எழுத்துருவை மாற்றினால் தமிழ் முழுவதும் உரோம எழுத்தாகிவிடும். அது மென்பொருளின் குற்றமன்று, நூலின் குற்றமேயாம். இவ்விரண்டையும் வேறுபிரித்து அறியாதார் நல்ல கருவியை வீணே பழிப்பர்.

இலக்கியம் படிப்போர் நோக்கவேண்டிய மற்றொன்றும் உண்டு. செய்யுளின் அடிகள் தம் அமைப்பிற் கெடாமல் நிற்கின்றனவா? மூலம் தடித்த எழுத்திலும் உரை மெல்லிய எழுத்திலும் அமைந்திருப்பின் அவ்வேறுபாடு காக்கப்படுகின்றதா? சில மென்பொருள்கள் வாசகன் விருப்பத்தை நிறைவேற்றும் ஆர்வத்திற் பதிப்பாசிரியன் அமைத்த வேறுபாடுகள் அனைத்தையும் அழித்து ஒரே வண்ணமாக்கிவிடும். அப்பொழுது எது திருக்குறள், எது பரிமேலழகர் உரை என்று மாணாக்கன் மயங்குவான். எழுத்தின் அளவை வாசகனும், மூலம் உரை என்னும் வேறுபாட்டைப் பதிப்பாசிரியனும் ஆளுமாறு விடுவதே நன்று.

இரண்டாஞ் சோதனை: தேடல்

அச்சு நூலினும் மின்னூல் சிறந்து நிற்பது தேடலினாலேயாம். ஐந்நூறு பக்கங்களில் ஒரு சொல் வந்த இடங்களை ஒரு நொடியில் காட்டவல்லது அது. ஆனால் தமிழ்ச்சொல்லைத் தேடுதல் ஆங்கிலச் சொல்லைத் தேடுதல் போன்றதன்று.

தமிழ்ச்சொல் வேற்றுமையுருபு ஏற்கும்பொழுது ஈறு திரியும். ‘மரம்’ என்று தேடினால் மரத்தை, மரத்தின் என்பன அகப்படா. ‘யாழ்ப்பாணம்’ என்று தேடுவோன் யாழ்ப்பாணத்தார் பற்றிய செய்திகளை இழப்பான். ஆதலின் ‘யாழ்ப்பாண’ என்னும் பகுதியளவில் தேடவேண்டும். ‘முழுச்சொல் மாத்திரம்’ என்னும் கட்டுப்பாட்டை நீக்க இடந்தராத மென்பொருள் தமிழுக்கு உதவாது. மேலும், ‘நூல’ என்று தட்டெழுதித் தேடிப் பார்க்க. நூல், நூலை, நூலின் என்பன யாவும் வருமாயின் அத்தேடல் புள்ளியையும் உயிர்க்குறியையும் தனிக்குறிகளாகக் கொள்கின்றது. ‘நூலகம்’ மாத்திரம் வருமாயின் எழுத்தை முழுமையாகக் கொள்கின்றது. முன்னது தமிழ் மாணாக்கனுக்கு மிகப் பயன்படும்.

கலிபர் போன்ற சில மென்பொருள்கள், வார்ப்புரு கொண்டு தேடவும் இடந்தரும். அங்கே ‘மர(ம்|த்)’ என்று எழுதித் தேடின், மரம் என்னும் எழுவாயும் மரத்தை, மரத்தின் என்னும் வேற்றுமை வடிவங்களும் ஒருங்கே அகப்படும். இலக்கணம் கற்றவனுக்குக் கணினி தரும் நல்ல பரிசு இது. மகரவீற்றுப் புணர்ச்சியை அறிந்தவனே இதனை ஆளவல்லான்.

இன்னொரு நுட்பம். ‘கொ’ என்னும் எழுத்தை ஒருங்குறியில் இரு வகையாக எழுதலாம்: ககரத்தின்பின் ஒகரக்குறி ஒன்றே இட்டும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியே இட்டும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒருங்குறி விதியின்படியும் இரண்டும் சமம். ஆயினும் அவற்றைச் சமமெனக் கொள்ளாத மென்பொருளில் ‘கொழும்பு’ என்று தேடினால், கண்ணெதிரே கொழும்பு இருந்தும் ‘இல்லை’ என்னும் விடையே வரும். பி.டி.எவ். நூல்கள் பலவற்றில் எழுத்துக்கள் தோற்ற வரிசையிற் சேமிக்கப்பட்டிருத்தலும் இதே இடரை விளைக்கும். ஆகவே ஒகர ஓகாரங்கள் உள்ள சொல்லொன்றைத் தேடிப் பார்த்தே தீர்ப்புச் சொல்லல் வேண்டும். படநூலைப் பொறுத்தவரையில், அதன் எழுத்தை உணர்ந்து தரும் வேறு மென்பொருள் கொண்டு முன்னரே பண்படுத்தினாலன்றித் தேடல் இயலாது. அக்குறையை வாசிப்பு மென்பொருளின்மேல் ஏற்றுதல் தகாது.

மூன்றாஞ் சோதனை: குறிப்பு

கற்பவன் வாளா படிப்பதில்லை. கோடிடுவான், ஓரத்தில் எழுதுவான், ஐயத்தைக் குறிப்பான். அச்சு நூலில் எழுதிய குறிப்பு அந்நூல் உள்ளளவும் இருக்கும். மின்னூலில் எழுதும் குறிப்பு எங்கே கிடக்கின்றது என்று எவரும் கேட்பதில்லை. கேட்கவேண்டிய வினா அதுவே.

குறிப்புக்கள் மூன்றிடங்களில் ஒன்றிற் கிடக்கும்: நூற்கோப்பினுள்ளே, மென்பொருளுக்கு உரிய வேறொரு கோப்பிலே, தூரத்தே நிறுவனமொன்றின் கணினியிலே. பி.டி.எவ். வடிவத்தில் குறிப்புக்களை நூற்கோப்பினுள்ளேயே எழுதுதற்கு நியமம் உண்டு. அவ்வாறு எழுதியதை வேறு மென்பொருளிலும் காணலாம். ஈபப் நூலில் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு முறை வைத்துள்ளது. ஆதலின் எழுதிய குறிப்பை வெளியே எடுத்துத் தரும் வசதி உண்டா என்று நோக்குக. ஐந்து குறிப்புக்கள் எழுதி, அவற்றை வெளியேற்றி, எழுதுபலகையில் திறந்து, தமிழ் சிதையாமல் வந்ததா என்று காண்க. நூனிலையக் கணினியில் இன்று ஒரு மாணாக்கன், நாளை மற்றொருவன் அமர்வான். தன் குறிப்பைத் தன்னுடன் கொண்டுசெல்ல வழியில்லாத மாணாக்கனின் உழைப்பு வீணாகும்.

நான்காஞ் சோதனை: உரிமை

விலை கொடுத்து வாங்கிய நூல் நம்முடையது என்று எண்ணுகின்றோம். பூட்டிடப்பட்ட மின்னூல் அவ்வாறன்று. பூட்டைத் திறக்கும் மென்பொருளும், அதற்கு விடையளிக்கும் நிறுவனமும் இருக்குமளவே அந்நூல் நமக்கு உண்டு.

2009 ஆம் ஆண்டில் அமேசன் நிறுவனம், விற்றவருக்குப் பதிப்புரிமை இல்லை என்ற காரணத்தால், ஜோர்ஜ் ஓர்வெல்லின் நூல்கள் இரண்டினை வாங்கியவர்களின் வாசிப்புக் கருவிகளிலிருந்தே நீக்கிற்று. பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. நிறுவனத் தலைவர் பின்னர் மன்னிப்பும் கேட்டார். 2019 இல் மைக்ரோசொப்ற் நிறுவனம் தன் மின்னூற் கடையை மூடியபொழுது, விற்கப்பட்ட நூல்கள் யாவும் திறவாது போயின. பணத்தைத் திருப்பியளித்ததோடு, குறிப்பெழுதி வைத்திருந்தோர்க்கு 25 டொலர் மேலதிகமாகவும் வழங்கினர். குறிப்புக்கு விலை மதிக்கப்பட்டது, குறிப்போ மீளவில்லை. அவ்வாண்டிலேயே அந்நிறுவனத்தின் எட்ச் உலாவியில் இருந்த ஈபப் வாசிக்கும் வசதியும் நீக்கப்பட்டது. வாங்கிய கின்டில் நூல்களைக் கணினியில் இறக்கிக் கம்பிவழியே கருவிக்கு மாற்றும் வழியை அமேசன் 2025 பெப்புருவரியில் நிறுத்திற்று.

மற்றொன்று, வாசகனின் அந்தரங்கம். அடோபி நிறுவனத்தின் மின்னூல் வாசிப்பு மென்பொருள், வாசகர் எந்நூலின் எப்பக்கத்தைப் படித்தனர் என்னும் விவரங்களை மறைகுறியின்றித் தன் நிறுவனத்துக்கு அனுப்பியமை 2014 இல் வெளிப்பட்டது. பின்னர் அது திருத்தப்பட்டது. ஆயினும், எதனைப் படிக்கின்றான் என்பது வாசகனுக்கே உரிய செய்தி. கணக்குத் திறவாமலும் இணையத் தொடர்பில்லாமலும் இயங்கும் மென்பொருளையே கல்லூரிக்கு முதன்மையாகக் கொள்ளல் வேண்டும்.

சில மென்பொருள்கள்

மேற்கூறிய அளவுகோல் கொண்டு, இலவசமாகப் பெறத்தக்க மூன்றினை ஈண்டு நோக்குவோம். மூன்றும் மூலநிரல் திறந்து வைக்கப்பட்டவை. ஆக்கியோர் கைவிட்டாலும் பிறர் எடுத்து நடத்தலாம்.

சுமாத்திரா பி.டி.எவ். என்பது விண்டோசுக்கு மாத்திரம் உரியது. 2006 முதல் வெளிவருகின்றது. அளவிற் சிறியது, பழைய கணினியிலும் விரைந்து திறக்கும், நிறுவாமலே, விரல்நுனிச் சேமிப்பானில் வைத்தும் இயக்கலாம். நூலை விட்ட பக்கத்திலேயே மீளத் திறக்கும். படநூல்களுக்கும் பி.டி.எவ். நூல்களுக்கும் இது மிகப் பொருத்தம். ஈபப் நூலையும் திறக்குமாயினும், எழுத்தமைப்பை விரும்பியவாறு மாற்றும் வசதிகள் பின்வரும் இரண்டிலும் இருக்குமளவு இதில் இல்லை.

தோரியம் என்பது பாரிசு நகரிலுள்ள ஐரோப்பிய மின்வாசிப்பு ஆய்வுகூடம் என்னும் இலாபநோக்கற்ற அமைப்பின் ஆக்கம். விண்டோசு, மக், இலினக்சு ஆகிய மூன்றிலும் இயங்கும். ஈபப் நூலை ஆரவாரமின்றித் தெளிவாகக் காட்டும். எழுத்தளவு, வரியிடைவெளி, பின்னணி நிறம் ஆகியவற்றை மாற்றலாம். பார்வையற்றோர் திரைவாசிப்பான் கொண்டு பாவிக்குமாறு கருதி அமைக்கப்பட்டமை இதன் தனிச்சிறப்பு. இலவசமாகக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பானும், தமிழை ஒலிக்கவல்ல ஈசுபீக்கும் சேரின், பார்வையற்ற மாணாக்கனும் தமிழ்நூலைச் செவியாற் படிக்கலாம். 2024 இல் வந்த மூன்றாம் பதிப்பு முதல் குறிப்பெழுதும் வசதியும் இதில் உண்டு.

கலிபர் என்பது 2006 இல் கோவிட் கோயல் என்பாரால் தொடங்கப்பட்டது. இது வாசிப்புக் கருவி மாத்திரமன்று. ஒரு நூனிலைய அலுவலகமே எனலாம். நூல்களை ஆசிரியர், பொருள், ஆண்டு என்று வகைப்படுத்தும். ஒரு வடிவத்தை மற்றொன்றாக மாற்றும். 2022 இல் வந்த ஆறாம் பதிப்பு முதல், சேர்த்த நூல்கள் அனைத்தினுள்ளும் ஒருங்கே சொல் தேடித் தரும். ஈபப் நூலில் எழுதிய குறிப்பை நூற்கோப்பினுள்ளேயே ஒரு பிரதியாக வைக்கவும், வெளியேற்றவும் இயலும். அன்றியும், ஒரு கணினியில் இதனை நிறுவிப் பகிர்வு வசதியைத் திறந்துவிட்டால், அதே வலையமைப்பிலுள்ள ஏனைய கணினிகள் தத்தம் உலாவிவழியே நூல்களைப் படிக்கலாம். வெளி இணையம் வேண்டுவதில்லை. கல்லூரி நூனிலையத்துக்கு இதனினும் பொருந்திய வசதி வேறில்லை. குறைகளும் உண்டு. அளவிற் பெரியது, தொடக்கத்திற் பழகுவோர்க்கு அதன் பட்டியல்கள் மலைப்பைத் தரும், ஆறாம் பதிப்பு முதல் 64 இருமத்து விண்டோசு 10 ஆவது வேண்டும். மேலும், பி.டி.எவ். நூலை ஈபப் ஆக மாற்றும்பொழுது, எழுத்தடுக்குக் குலைந்த தமிழ் குலைந்தபடியே வரும். மாற்றித் தருவதால் திருத்தித் தருகின்றது என்று மயங்கலாகாது.

ஆகவே ஒன்றே எல்லாம் செய்யும் என்று எதிர்பாராது பகுத்துக் கொள்ளுதல் அறிவுடைமையாகும். படநூலும் பி.டி.எவ். நூலும் படித்தற்குச் சுமாத்திரா; மாணாக்கர் ஈபப் நூலை அமைதியாகப் படித்தற்குத் தோரியம்; நூனிலையப் பொறுப்பாளர் தொகுத்துப் பேணுதற்கும், ஆசிரியர் நுணுகித் தேடுதற்கும் கலிபர். விலை கொடுத்து வாங்கிய பூட்டிட்ட நூல்களை அவ்வந் நிறுவனத்தின் மென்பொருளிற் படிக்கலாம்; ஆனாற் குறிப்பைத் தனியே ஒரு கொப்பியில் எழுதிவைத்தல் நன்று.

சோதிக்கும் முறை

மென்பொருள்கள் ஆண்டுதோறும் மாறுவன. இன்று சொல்லிய சிறப்பு நாளை குறையாகலாம், குறையும் நீங்கலாம். ஆதலின் பெயர்களினும் முறையே நினைவிற் கொள்ளத்தக்கது. ஒரு மணி நேரத்துள் எவரும் செய்யத்தக்க சோதனை வருமாறு.

நூலகம் நிறுவனத்திலிருந்து ஒரு படநூல், மதுரைத் திட்டத்திலிருந்து உரையுடன் கூடிய ஒரு பி.டி.எவ். நூல், இலவசத் தமிழ் மின்னூல்கள் வழங்கும் தளமொன்றிலிருந்து ஓர் ஈபப் நூல் ஆகிய மூன்றனையும் இறக்கிக்கொள்க. இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டுத் திறந்து பார்க்க. படநூலில் பக்கத்தை அகல அளவுக்குப் பொருத்தி, இருபது பக்கங்கள் புரட்டிக் கண்ணுக்கும் கைக்கும் களைப்பு உண்டாகின்றதா என நோக்குக. எழுத்துநூல்களில், மேற்காட்டிய எழுத்துவரிசையையும், ஒகரம் உள்ள சொல்லையும், ஈறு திரிந்த சொல்லையும் சோதிக்க. எழுத்தை இருமடங்காக்கிச் செய்யுளைப் பார்க்க. ஐந்து குறிப்பெழுதி, மென்பொருளை மூடித் திறந்து, அவை உளவா என்று கண்டு, பின் வெளியேற்றுக. முடிவில் நூற்கோப்பை வேறொரு மென்பொருளிலே திறந்து, நூல் பழுதின்றி உள்ளதா என்று காண்க. இவ்வளவிலும் தேறியதனைக் கொள்க. எழுத்திலே தவறியதனை ஏனைய சிறப்புக்கள் எத்துணை இருப்பினும் தள்ளுக.

இவ்விழா மலரைப் படிக்கும் பழைய மாணவர் பலர் வெளிநாடுகளில் இருந்து கல்லூரிக்குக் கணினிகளையும் மின்னூல்களையும் உவந்து வழங்குவோர். அவர்கட்கு ஒரு வேண்டுகோள். கணினியை அனுப்புமுன் அதில் ஒரு தமிழ்நூலைத் திறந்து பார்த்து அனுப்புக. நூலைப் பூட்டின்றியும் ஒருங்குறியிலும் தருக. தம்மிடமுள்ள பழைய மலர்களையும் கல்லூரிச் சஞ்சிகைகளையும் உரிமையுடையார் இசைவுடன் தெளிவாகப் படமாக்கி உதவுக. ஓரிடத்தில் அழியினும் மற்றோரிடத்தில் அவை வாழும்.

மாணாக்கர்க்குக் கூறவேண்டியதும் ஒன்றுண்டு. வாசிப்பு மென்பொருள் விளக்குப் போன்றது. விளக்கு நல்லதாயிருத்தல் வேண்டும்; ஆனால் விளக்கைப் பார்த்துக்கொண்டிருத்தல் படிப்பாகாது. ஒரு மணி நேரம் ஆராய்ந்து நல்ல கருவியைத் தெரிந்துகொள்க. எஞ்சிய நாளெல்லாம் நூலுக்கே ஆகுக.